கைப்பேசி இடம் தவறிக் காட்டினால்
(தாராபுரம் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 நவம்பரில் தமிழகத்தில் வேளாண் கல்லூரி மாணவர்கள் கைப்பேசியுடன் வயல் வயலாகச் சென்று பயிர்க் கணக்கெடுத்தது நினைவிருக்கும். கைப்பேசி இடம் தவறினால், நம் பயிர் பக்கத்துப் புல எண்ணில் பதிவாகிவிடக்கூடும்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் இடம் சரியாகத் தெரியும். அமராவதிப் பாசனத்து அடர்ந்த தென்னந்தோப்பிலும், மோட்டார் அறையிலும் சமிக்ஞை மங்கும். மூலனூர்ப் பக்கத்து முருங்கைக் காட்டில் அவ்வளவு தடையில்லை.

முதலாவதாக, 'லொகேஷன்' இயங்குகிறதா, செயலிக்கு அனுமதி உள்ளதா என்று பாருங்கள். பேட்டரிச் சிக்கன முறையை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவதாக, வானம் நன்கு தெரியும் வெட்டவெளியில் இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள்.

மூன்றாவதாக, திசை மட்டும் மாறினால், காந்தம் வைத்த உறையைக் கழற்றிவிட்டு, கைப்பேசியை 8 எழுதுவதுபோல் சில தடவை சுழற்றுங்கள்.

நான்காவதாக, டவர் கிடைக்காத காட்டிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடந்தான் வராது. அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். வெட்டவெளியிலும் சாதாரணக் கைப்பேசி சுமார் 5 மீட்டர், அதாவது 16 அடி, முன்பின்னாகக் காட்டும். நம் வரப்போ இரண்டடி அகலந்தான். கைப்பேசியை நம்பிப் பங்காளியோடு வரப்புத் தகராறு வேண்டாம். நில அளவைக்கு மனுக் கொடுத்து, முறையாக அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள்.