தென் அமெரிக்கா: நிலமும் மக்களும்



சேலம் மாவட்டத்து ஆலைகளில் உற்பத்தியாகும் ஜவ்வரிசி, தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழர் வீடுகளுக்கும் வந்து சேருகிறது. பண்டிகை நாளில் அதைப் பாயசமாக்கி உண்ணும்போது, அதன் பூர்வீகம் எது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜவ்வரிசிக்கு மூலம் மரவள்ளிக் கிழங்கு. மரவள்ளியின் தாயகமோ பிரேசில் தேசம். நாம் கொறிக்கும் நிலக்கடலையும், உருளைக்கிழங்கும், முந்திரியும், அன்னாசியும் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவையே. இவ்வளவையும் உலகுக்கு வழங்கிய கண்டம் தான் செழித்ததா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று தென் அமெரிக்காவைச் சற்றுச் சுற்றி வருவோம்.

தேசப் படத்தில் இக்கண்டம், மேலே அகன்று கீழே கூர்ந்து செல்லும் முக்கோணம் போல் தோன்றும். இதன் பரப்பு சுமார் 1 கோடியே 78 லட்சம் சதுர கிலோமீட்டர்; நமது பாரதத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். மக்கள் தொகையோ ஏறத்தாழ 43 கோடிதான். நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சுதந்திர நாடுகள் பன்னிரண்டு. மேற்கு ஓரத்தில், பசிபிக் சமுத்திரத்தை ஒட்டினாற்போல், வடகோடி முதல் தென்கோடி வரை சுமார் 7,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆண்டிஸ் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சியாகிய அக்கொன்காகுவா சிகரத்தின் உயரம் 6,961 மீட்டர். ஆசியாவுக்கு வெளியே அதனினும் உயர்ந்த சிகரம் கிடையாது.

இந்த மலைமதிலே கண்டத்தின் தலையெழுத்தை எழுதிற்று எனலாம். அமேசான் நதி பெரு நாட்டு மலைகளில், பசிபிக் கடற்கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் பிறக்கிறது. ஆயினும் மலை வழிவிடாமையால் கிழக்கே திரும்பி, சுமார் 6,400 கிலோமீட்டர் ஓடி, அட்லாண்டிக் சமுத்திரத்தை அடைகிறது. உலகத்து ஆறுகள் யாவும் கடலுக்குக் கொண்டு சேர்க்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே நதியின் நீர். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையைக் கேரளத்தில் பொழியச் செய்து, கோவைப் பக்கத்தை வறளவிடுவதை நாம் அறிவோம். அதே நியாயம் இங்கே பன்மடங்காக நடைபெறுகிறது. மலைக்குக் கிழக்கே பெருமழையும் அடர்ந்த வனமும். மேற்கே, மலையின் மறைவினாலும் கடலோரத்துக் குளிர்ந்த நீரோட்டத்தினாலும், உலகிலேயே மிக வறண்ட இடங்களுள் ஒன்றான அட்டகாமா பாலைவனம்.

ஒரு புறம் மலை, நடுவே வனம். ஆகையால் ஒரு நாட்டிலிருந்து பக்கத்து நாட்டுக்குச் செல்வதைவிடக் கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் செல்வது பல காலம் எளிதாயிருந்தது. ரியோ டி ஜெனிரோ, புவெனஸ் அயர்ஸ், லீமா ஆகிய பெருநகரங்கள் கரையோரத்திலேயே வளர்ந்தன. ரயில் பாதைகளிற் பல, ஊரையும் ஊரையும் இணைப்பதற்காக அன்றி, சுரங்கத்தையும் பண்ணையையும் துறைமுகத்தோடு இணைப்பதற்காகவே இடப்பட்டன. பெரிய வீடொன்றில் அறைக்கு அறை வழியின்றி, ஒவ்வோர் அறையும் தெருவை நோக்கித் திறந்திருந்தால் எப்படியோ, அப்படி அமைந்தது இக்கண்டம்.

அந்த வாசல்களின் வழியே வெளியேறிய செல்வங்களுள் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது வெள்ளி. இன்றைய பொலிவியாவில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், பொட்டோசி என்னும் ஊர் உள்ளது. 1545இல் அங்குள்ள மலை ஒன்றில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்பானியர் சுற்றுப்புறத்துப் பழங்குடி மக்களை முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுத்து வந்தனர். அவர்கள் வெட்டியெடுத்த வெள்ளி ஐரோப்பாவைக் கடந்து, முகலாயர் காலத்து இந்தியாவின் நாணயச் சாலைகள் வரை வந்தது. ஒரு காலத்தில் உலகின் பெருநகரங்களுள் ஒன்றாக விளங்கிய பொட்டோசி, வெள்ளி குறைந்ததும் வெறிச்சோடிற்று.

இரண்டாவது வெடியுப்பு. அட்டகாமா பாலைவனத்தில் கிடைத்த இந்த உப்பு, ஐரோப்பிய வயல்களுக்கு உரமாயிற்று. இதன் பொருட்டு 1879இல் சிலி ஒரு பக்கமும், பெருவும் பொலிவியாவும் மறுபக்கமுமாகப் போர் மூண்டது. போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. இன்றும் அந்நாடு டிட்டிகாகா ஏரியில் ஒரு கடற்படையை வைத்துக்கொண்டு, இழந்த கடலை மறவாதிருக்கிறது. வென்ற சிலிக்கும் அந்தச் செல்வம் நிலைக்கவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டே உரம் செய்யும் முறையை ஜெர்மானிய விஞ்ஞானிகள் கண்டனர்; 1913இல் அது தொழிற்சாலை உற்பத்தியாயிற்று. பாலைவனத்து உப்பு ஊர்கள் ஒவ்வொன்றாகப் பாழடைந்தன.

மூன்றாவது ரப்பர். இதில் நமக்கும் பங்குண்டு. அமேசான் வனத்தில் தானே வளர்ந்த ரப்பர் மரங்களின் பாலினால், காட்டின் நடுவேயுள்ள மனௌஸ் நகரம் செல்வத்தில் மிதந்தது. 1896இல் அங்கே பளிங்கினால் அலங்கரித்த நாடக அரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1876இல், ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றின் கன்றுகள் இலங்கைக்கும், பின் மலேயாவுக்கும் சென்றன. அமேசானில் ரப்பர் மரங்களை நெருக்கமாக நட்டால் ஒருவகை இலைநோய் தாக்கி அழித்துவிடும். ஆசியாவில் அந்நோய் இல்லை. எனவே இங்கே தோட்டங்கள் பெருகின. காட்டைத் திருத்தி மரம் நடவும், வைகறையில் எழுந்து பால் வெட்டவும், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மக்கள் ஆயிரக்கணக்கில் மலேயாவுக்குக் கப்பலேறினர். 1913 அளவில் ஆசிய ரப்பர் பிரேசிலின் ரப்பரை மிஞ்சியது; மனௌஸ் ஒளி மங்கிற்று. ஒரு கண்டத்திலிருந்து போன விதை, மற்றொரு கண்டத்து மக்களை ஊரைவிட்டுக் கிளப்பிய கதை இது.

நிலம் இவ்வாறிருக்க, மக்கள் எத்தகையோர்? 1494இல் ஸ்பெயினும் போர்த்துகலும் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாக, பிரேசில் போர்த்துக்கீச மொழியையும், ஏனைய நாடுகளிற் பெரும்பாலானவை ஸ்பானிய மொழியையும் பெற்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியார் பல கோடிப் பேர். பிரேசிலில் அடிமை முறை 1888இல்தான் ஒழிந்தது. மலைநாட்டில் இன்கா பேரரசின் மொழியாகிய கெச்சுவா இன்றும் லட்சக்கணக்கானோரின் தாய்மொழி. பராகுவே நாட்டிலோ, பழங்குடி மொழியாகிய குவாரனியைப் பழங்குடியினர் அல்லாத பெரும்பான்மையினரும் வீட்டில் பேசுகின்றனர். 1992இல் அது ஸ்பானிய மொழியோடு சமமாக ஆட்சிமொழியாயிற்று.

வடகரையிலுள்ள கயானாவுக்கு 1838 முதல் 1917 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர், கரும்புத் தோட்ட வேலைக்காக ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் வழிவந்தோர் இன்று ஆங்கிலமே பேசுகின்றனர். தமிழ் அவர்கள் நாவைவிட்டு அகன்றுவிட்டது. ஆயினும் மாரியம்மன் வழிபாடும், கோயிலில் ஒலிக்கும் தப்பும் இன்றளவும் நின்றுவிடவில்லை. வெளி மாநிலங்களில் குழந்தைகளை வளர்க்கும் நமக்கு, குவாரனி பிழைத்ததும் கயானாவில் தமிழ் மறைந்ததும் ஒருங்கே எண்ணத்தக்கவை.

இனி இன்றைய நிலை. செம்பு உற்பத்தியில் உலகில் முதலிடம் சிலிக்கு. மின்கலங்களுக்கு வேண்டிய லித்தியம் சிலி, அர்ஜென்டினா, பொலிவியா ஆகிய மூன்று நாடுகளின் உப்புப் படுகைகளில் மிகுந்துள்ளது. அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் சோயா எண்ணெய் நம் நாட்டு அடுக்களைக்கும் வருகிறது. மாட்டுப் பண்ணைகளுக்கும் சோயா வயல்களுக்குமாக அமேசான் வனத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் அழிந்துவிட்டது. இதில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. வனத்து மரங்கள் வெளிவிடும் நீராவியைக் காற்று மேற்கே கொண்டுசெல்ல, ஆண்டிஸ் மதில் அதைத் தெற்கே திருப்புகிறது. தென் பிரேசில், பராகுவே, வட அர்ஜென்டினா ஆகிய பகுதிகளின் வயல்களுக்குக் கிடைக்கும் மழையில் கணிசமான பங்கு அதுவே. வயலுக்காக வனத்தை வெட்டுவோர், அந்த வயலின் மழையையும் சேர்த்தே வெட்டுகின்றனர். வெள்ளியும் உப்பும் தீர்ந்தபோது ஊர்கள்தாம் பாழாயின. மழை தவறினாலோ கண்டமே வாடும்.

அறைகளுக்கிடையே வழி திறக்கும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 1960இல் பிரேசில் தன் தலைநகரைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு மாற்றிற்று. பரானா நதியில் பிரேசிலும் பராகுவேயும் கூடிக் கட்டிய இத்தாய்ப்பு அணை 1984 முதல் இரு நாட்டுக்கும் மின்சாரம் தருகிறது. 1991இல் நான்கு நாடுகள் தமக்குள் பொதுச் சந்தை அமைக்க உடன்பட்டன.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அக்கண்டத்தில் செல்வத்துக்குக் குறைவில்லை. விளைந்ததை விளைந்த இடத்திலேயே சிறிது தங்கச் செய்யும் ஏற்பாடுதான் நெடுங்காலம் குறைவாயிருந்தது. இத்தாய்ப்பின் மின்சாரம் அவ்வாறு தங்கிய செல்வம். அமேசானின் மழையும் அப்படித் தங்க வேண்டிய செல்வமே. அடுத்த முறை ஜவ்வரிசிப் பாயசம் அருந்தும்போது, அந்தக் கிழங்கை நமக்கு அனுப்பிய வனத்தையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.