அடுக்களைச் சக்கையும் நாங்கூழ்ப் புழுவும்



தில்லிக்கு வந்து குடியமர்ந்த நாம் வீட்டு வழக்கங்கள் பலவற்றையும் உடன் கொணர்ந்தோம். கொல்லைப்புறத்தை மட்டும் கொணர இயலவில்லை. ஊரில் வாழையடியில் விழுந்த காய்கறித் தோல், இங்கே குப்பை வண்டியேறிப் போகிறது. எங்கே போகிறது? 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற காசிப்பூர்க் குப்பைமேடு, 2017 செப்டம்பர் 1ஆம் நாள் சரிந்து விழுந்தது, இருவர் உயிரிழந்தனர். அத்தகைய மேடுகளில் நம் வீட்டுக் கத்தரிக்காய்க் காம்பிற்கும் பங்குண்டு அன்றோ?

இச்சுமையைக் குறைக்கத் துணை நிற்பது மண்புழு. டார்வின் 1881இல் அதனைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை அவர்கள் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பைப் போற்றியுள்ளார்.

புழுவிற்கு வீடமைப்பது எளிது. மூடியுள்ள மரப்பெட்டியோ பழைய பிளாஸ்டிக் தொட்டியோ போதும். ஆழம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டா. அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகளிட்டு, செங்கற்களின்மேல் நிறுத்தி, கீழே ஒரு தட்டு வைத்தல் வேண்டும். தேங்காய் நாரையும் கிழித்த செய்தித்தாளையும் நனைத்து அரை அடி உயரம் பரப்புக. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீரே சொட்டவேண்டும். அதன்மேல் சிறிது மண்ணிட்டுப் புழுக்களை விடுக. ஆழத்தில் வளை தோண்டி வாழும் புழு இதற்கு உதவாது. மட்கும் பொருளை உண்டு மேற்பரப்பில் வாழும் ‘ஐசீனியா ஃபெடிடா’ போன்ற இனமே ஏற்றது. காய்கறித் தோல், கீரைத்தண்டு, டிகாக்ஷன் இறக்கிய காப்பித்தூள் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் புதைத்து வருக. ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், உப்பிட்ட சோறு, புளிச்சக்கை ஆகியன ஆகா. நாற்றம் எழுந்தால், உணவு மிகுந்தது அல்லது ஈரம் மிகுந்தது என்று பொருள்.

எங்கள் முதற்பெட்டி பாழாயிற்று. மே மாதத்தில் அதனை மாடத்து வெயிலில் விட்டுவிட்டு ஊருக்குச் சென்றோம். திரும்பியபோது ஒரு புழுவும் உயிருடன் இல்லை. நம்மை நம்பி அடைக்கப்பட்ட உயிர்கள் அவை; பிழை எங்களுடையதே. இப்பொழுது கோடையில் நிழலில் வைத்து ஈரச்சாக்குப் போர்த்துகிறோம். சனவரிக் குளிரில் வீட்டினுள் வைக்கிறோம். வெளியூர் செல்லுங்கால் அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கிறோம்.

இரண்டு மூன்று திங்களில் சக்கை கருமண்ணாகும். பின்னர் ஒரு புறத்தில் மட்டும் உணவிட்டால் புழுக்கள் அங்கே நகர்ந்துவிடும். மறுபுறத்து எருவை அள்ளிக்கொள்ளலாம்.

எங்கள் மாடத்துத் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று அவ்வெருவால் தழைத்து நிற்கிறது. கொல்லைப்புறம் முழுவதும் வரவில்லை. அதில் ஒரு முழம் வந்துவிட்டது.