ஓருலக ஆட்சி: செங்கோல் யார் கையில்?



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கவியரங்குகளைக் கேட்டு வருபவள் என்னும் உரிமையில் ஒரு குறையைச் சொல்லத் துணிகிறேன். நம் கவிஞர்கள் 'ஓருலகம்' பாடத் தொடங்கினால் எல்லைக் கோடுகள் அழிகின்றன, படைகள் கலைகின்றன, ஒரே கொடி, ஒரே ஆட்சி வந்துவிடுகிறது. அவ்வாட்சியின் அரியணை எந்நகரில் இடப்படும், அதில் அமர்பவர் யார், அவர் எம்மொழியில் ஆணையிடுவார் என்று எவரும் பாடக் கேட்டதில்லை. கேளாமலே கைதட்டியவர்களுள் நானும் ஒருத்தி.

கணியன் பூங்குன்றனாரைத் துணைக்கு அழைக்கிறோம். புறநானூற்றின் 192ஆம் பாடலை மீண்டும் படித்துப் பாருங்கள். வேந்தரும் குறுநில மன்னரும் நிறைந்த அத்தொகையில், அப்பாடலில் ஆளும் வேந்தன் எவனும் வரவில்லை. புலவர் பேசுவது உறவு, ஆட்சியன்று. அவரை உலகப் பேரரசுக்குச் சான்றாக நிறுத்துவது முறையாகாது.

உலகை ஒன்றுபடுத்தும் அழகிய சொற்களை எழுதியவர் யார் என்று தேடினால் கிடைக்கும் விடை வியப்பைத் தரும். 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரைக்கு முதல் வரைவு தந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜான் ஸ்மட்ஸ். அடிப்படை மனித உரிமைகளைப் பற்றிப் பேசும் முகவுரை அது. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று நோயுற்று 1914இல் உயிர் துறந்தபோது அந்நாட்டின் அமைச்சராக இருந்தவரும் அவரே. சாசனத்தின் மை உலர்ந்த மறு ஆண்டே, 1946இல், இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வேலியிடும் சட்டத்தை அவருடைய அரசு இயற்றியது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன நம்மவரின் பேரப்பிள்ளைகளும் அவ்வேலிக்குள் அடைபட்டனர்.

இந்தியா அதனை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டு சென்றது. விசயலட்சுமி பண்டிட் வாதாடினார். ஸ்மட்ஸ் தரப்பின் மறுமொழி ஒன்றே: 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம்.' 1946 டிசம்பர் 8 அன்று, 32க்கு 15 என்னும் வாக்குகளில் சபை இந்தியாவின் பக்கம் நின்றது. சட்டம் உடனே மாறிவிடவில்லை. நிறவெறி அதன்பின் இன்னும் கொடிதாயிற்று. ஆயினும் முறையிட ஒரு மன்றம் இருந்தது.

கவிஞர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். உலகெங்கும் ஒரே அரசு என்றால் எல்லாமே உள்நாட்டு விவகாரம் ஆகிவிடும் அன்றோ? பின் முறையீடு எவரிடம்?

'அது நல்லோர் ஆட்சியாக இருக்கும்' என்பீர்கள். இருக்கும் உலக மன்றத்தையே பாருங்கள். 1945இல் வென்றவர்களாக நின்ற ஐவர்க்கே பாதுகாப்பு அவையில் 'வீட்டோ' உரிமை. 1974இல் தென்னாப்பிரிக்காவை மன்றத்திலிருந்து நீக்க முனைந்தபோது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு மூன்றும் அவ்வுரிமையால் தடுத்தன. மன்றத்தின் அலுவல் மொழிகள் ஆறு. அவற்றுள் தமிழ் இல்லை. தமிழ் என்ன, எந்த இந்திய மொழியும் இல்லை. ஆலோசனை மன்றமே இப்படியென்றால், படையும் கருவூலமும் கொண்ட உலக அரசில் பயன் பெறுவோர் யார் என்று ஊகிக்கப் புலமை வேண்டுவதில்லை. நாடுகள் கூடிப் பேசுவதை நான் மறுக்கவில்லை; அதை ஆட்சியென்று மயங்குவதையே மறுக்கிறேன்.

பெருஞ்சித்திரனாரை நினைவுகூர்ந்து அமர்கிறேன். இளவெளிமான் தகுதியறியாது தந்த சிறுபரிசிலை மறுத்து அவர் வெளியேறினார். குமணனிடம் யானை பெற்றார். திரும்பி வந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே அதைக் கட்டினார். இளவெளிமானே உலகமெல்லாம் ஆண்டிருந்தால் அப்புலவர் எத்திசை போயிருப்பார்?