கணக்கு உதைக்கிறதே!
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சற்று முன் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம், “ஐயா, கருந்துளை வெளிச்சத்தையே விழுங்கிடுமாமே, அப்புறம் எப்படிப் பளிச்சுன்னு தெரியுது?” என்று கேட்டாள். எழுதி வந்த உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அவள் கேள்வியையே பேசுவோம்.

ஒளிர்வது கருந்துளை அல்ல. அதில் விழப்போகும் வாயு. உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், சுடுகிறதல்லவா? அப்படியே வாயுவும் சுழன்று, உரசி, கொதித்து ஒளி வீசுகிறது. 1963-இல் மார்ட்டென் ஷ்மிட் என்ற அறிஞர், நட்சத்திரம் போலத் தெரிந்த ஒரு புள்ளி 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் குவேசார். 2019-இல் எம்87 மண்டலத்தின் கருந்துளையைச் சுற்றிய ஒளி வளையத்தையே படமாக வெளியிட்டார்கள். அதன் எடை 650 கோடி சூரியன்களுக்குச் சமம்!

இனிமேல்தான் சிக்கல். பேரண்டம் பிறந்து 67 கோடி ஆண்டிலேயே, 160 கோடி சூரியன் எடையுள்ள கருந்துளை ஒன்று இருந்ததாக 2021-இல் அறிவித்தார்கள். பென்சிலை எடுங்கள். பெரிய நட்சத்திரம் ஒன்று இறந்து, 100 சூரியன் எடையில் கருந்துளை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அது இஷ்டம்போல் விழுங்க முடியாது. விழும் வாயுவின் ஒளியே பின்னால் வருவதைத் தள்ளிவிடும். அந்த வரம்புக்குள் எடை இரட்டிப்பாக 3 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். 100-ஐ 24 தடவை இரட்டித்தால்தான் 160 கோடியைத் தாண்டும். 24-ஐ 3-ஆல் பெருக்குங்கள்: 72 கோடி ஆண்டு! இருந்ததோ 67 கோடி. அதிலும் முதல் நட்சத்திரம் பிறக்கவே கொஞ்சம் போய்விடும். கணக்கு உதைக்கிறதே!

மாபெரும் வாயு மேகமே நேராக இடிந்து, பிறக்கும்போதே பெரிய கருந்துளை ஆகியிருக்குமா? வரம்பை மீறிச் சில காலம் விழுங்கியிருக்குமா? இரண்டுக்கும் ஆதரவாளர் உண்டு. முடிவு இன்னும் இல்லை.

இன்னொன்று. எம்87-இலிருந்து நீண்ட ஒளிப்பீச்சு ஒன்று கிளம்புவதை 1918-இலேயே கர்ட்டிஸ் என்பவர் பார்த்தார். ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளம். கருந்துளையின் சுழற்சியும் காந்தப் புலமும் சேர்ந்து அதை வீசுகின்றன என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. ஆனால், அந்தப் பீச்சில் இருப்பது என்ன துகள் என்பதே இன்னும் தீரவில்லை. நூறு ஆண்டுக்கு மேலாயிற்று!

செல்வங்களே, நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தான். சிரிப்பார்களே என்று பயந்து பல கேள்விகளை விழுங்கியவன். இன்று பரிசு வாங்குகிறவர்கள் விடை தெரிந்தவர்கள். அவர்களுக்கு என் வாழ்த்து. பரிசு வாங்காதவர்களே, மேலே சொன்ன கணக்குக்கு விடை எழுதியவர் இன்னும் யாருமில்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. பெற்றோர்களே, பிள்ளை “ஏன்?” என்று கேட்டால் “சும்மா இரு” என்று சொல்லிவிடாதீர்கள். கருந்துளையில் விழுந்தது திரும்பாது. அடக்கிவிட்ட கேள்வியும் அப்படித்தான்.