பெரிய மனிதருக்குத் தனி வைத்தியமா?



ஊரறிந்த ஒருவர் நோயோடு மருத்துவமனைக்கு வந்தால் அவருக்குத் தனிக் கவனிப்பு கொடுக்கலாமா? இப்படிக் கேட்டதும், டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருப்பவரின் முகம்தான் நமக்கு நினைவுக்கு வரும். அவருடைய கோபம் நியாயமானது. அதற்குப் பிறகு வருகிறேன். அந்தத் தனிக் கவனிப்பு பெரிய மனிதரையே என்ன செய்துவிடுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் பின்னாலிருந்து சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. மற்றொன்று முதுகின் வலப்பக்கம் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. தரையில் கிடந்தவரின் காயத்துக்குள் ஒரு மருத்துவர் விரலை விட்டுத் துழாவினார். அடுத்து வந்த வில்லர்ட் பிளிஸ் என்ற மருத்துவர் விரலையும் விட்டார், உலோகக் கம்பியையும் விட்டார். யாரும் கிருமிநாசினியில் கை கழுவவில்லை. காயத்தில் கிருமி புகாமல் காப்பது எப்படி என்று ஜோசப் லிஸ்டர் எழுதி அப்போதே 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

குண்டை உடம்பிலேயே சுமந்துகொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்த உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் அன்று அந்த நாட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். சாதாரணச் சிப்பாயாக இருந்திருந்தால் கார்ஃபீல்டையும் கட்டுப்போட்டுச் சும்மா விட்டிருப்பார்களோ என்னவோ. குடியரசுத் தலைவரை அப்படி விட முடியுமா? நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். பிளிஸ் முழுப் பொறுப்பையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். மற்ற மருத்துவர்களை ஒதுக்கினார். கார்ஃபீல்டின் மனைவிக்கு வைத்தியம் பார்த்து வந்த சூசன் எட்சன் என்ற பெண் மருத்துவர், அங்கே செவிலி வேலை பார்க்க வேண்டியதாயிற்று.

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உடம்புக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டறிய ஒரு கருவி செய்து கொண்டுவந்தார். குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்பது பிளிஸின் முடிவு. அது மருத்துவ அறிக்கைகளாக நாட்டுக்குச் சொல்லப்பட்டும் விட்டது. அதனால் வலப்பக்கத்தை மட்டும் சோதிக்கவிட்டார். போதாக்குறைக்குப் படுக்கைக்குள் இருந்த எஃகுக் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பின. 79 நாள் சீழோடும் காய்ச்சலோடும் போராடி, உடம்பு வற்றி, செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிணப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம், கணையத்துக்குப் பின்னால் இருந்தது. உடல் அதைச் சுற்றி ஒரு உறை கட்டி அடக்கி வைத்திருந்தது. குண்டு போன வழி என்று மருத்துவர்கள் நம்பி வந்தது, நீண்ட சீழ்ப் பாதை.

பெரிய மனிதர் என்பதாலேயே வைத்தியம் தடம் மாறிப்போகும் இந்த நிலைமைக்கு 1964இல் வால்டர் வெயின்ட்ராப் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ‘விஐபி சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். எந்த ஊர் மருத்துவமனையிலும் இது நடக்கக்கூடியதுதான். தினமும் பத்துப் பேருக்கு நரம்பில் ஊசி ஏற்றிப் பழகிய நர்ஸைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஊசியைத் தொட்டே பல வருடமான தலைமை மருத்துவர் தானே முன்வருவார். குடிப்பழக்கம் உண்டா, மனச்சோர்வு உண்டா என்று கேட்க டியூட்டி டாக்டருக்குக் கூச்சமாக இருக்கும். வலிக்குமே என்று ஒரு சோதனையை விடுவார்கள், பெயர் கெட்டுவிடுமே என்று தேவையில்லாத நான்கைச் சேர்ப்பார்கள். ஐசியூவுக்குள் அரசியல்வாதிகளும் உறவினர்களும் செருப்போடு போய் வருவார்கள். எட்டுப் பெரிய டாக்டர்கள் சுற்றி நிற்பார்கள். கடைசி முடிவு யாருடையது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

மறுத்துப் பேச ஆளில்லாமல் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. பாடகர் மைக்கேல் ஜாக்சன் மாதம் 1,50,000 டாலர் சம்பளம் பேசித் தனக்கென்று ஒரு மருத்துவரை அமர்த்தினார். அறுவை அரங்கில் கொடுக்க வேண்டிய புரோபோஃபால் மயக்க மருந்தை, வெறும் தூக்கத்துக்காக, வீட்டுப் படுக்கையறையில் அந்த மருத்துவர் ஏற்றினார். 2009 ஜூனில் ஜாக்சன் இறந்தார். மருத்துவர் சிறைக்குப் போனார். தெருக்கோடி கிளினிக்கில் போய்க் கேட்டிருந்தால்கூட ‘அதெல்லாம் தர முடியாது’ என்று அனுப்பியிருப்பார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் பிரபலங்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பேன். அவர்களுடைய அந்தரங்கம். கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ மருத்துவமனையில் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் மருத்துவப் பதிவுகளை, சிகிச்சையில் சம்பந்தமே இல்லாத ஊழியர்கள் எட்டிப் பார்த்ததற்காக 2008இல் பலர் வேலை இழந்தார்கள். தனி அறையும் வாசலில் காவலும் இருக்கட்டும். அதனால் பக்கத்துப் படுக்கைக்காரரின் மருந்து தாமதமாகாத வரை எனக்கு ஆட்சேபமில்லை.

இப்போது காத்திருப்பவரின் கோபத்துக்கு வருவோம். அது மிகக் கூர்மையாக வெளிப்படுவது உறுப்பு மாற்றத்தில்தான். ஒரு கல்லீரலை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. 2009இல் ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கல்லீரல் கிடைத்தது. அவர் வாழ்ந்தது கலிபோர்னியாவில், அறுவை நடந்தது டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸில். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவு செய்துகொள்ள அமெரிக்க விதிகள் இடம் தருகின்றன. அவருடைய ரத்த வகையில் காத்திருந்தவர்களில் அவர் நிலைதான் மிக மோசம் என்று மருத்துவமனையும் விளக்கியது. ஆக, விதி மீறப்படவில்லை. ஆனால் அழைப்பு வந்த சில மணி நேரத்தில் வேறு மாநிலத்தில் போய் இறங்க வேண்டும். சொந்த விமானம் இருப்பவரால் முடியும், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவரால் முடியாது. வரிசை நேர்மையானதுதான், வரிசைக்கு வந்து சேரும் வழி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. இதைச் சரிசெய்ய வேண்டியது அரசாங்கம். உயிர் பிழைக்கத் துடித்த நோயாளியின் மேல் எனக்குக் குறையில்லை.

குணமாகி வந்த ஜாப்ஸ், ஓட்டுநர் உரிமம் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் உறுப்பு தானம் செய்ய விருப்பமா என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்ற சட்டத்துக்காகக் கலிபோர்னியாவில் வெளிப்படையாகப் பேசினார். 2010இல் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் அதில் கையெழுத்திட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் அந்தப் புகழ் பயன்பட்டது இந்த வகையில்தான்.