“வேண்டுமென்று செய்யவில்லை” என்றால் போதுமா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் ஓர் உயிர் போய்விட்டால், “யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, எல்லாம் விதி” என்று நாம் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். சட்டம் அதோடு விட்டுவிடுவதில்லை.

மலேசியத் தண்டனைச் சட்டத்தில் கொலைக்கு 302-ஆவது பிரிவு. கொலை எனும் அளவுக்குப் போகாமல் மரணம் விளைவித்ததற்கு 304. கொல்லும் எண்ணமே இல்லை, ஆனால் துடுக்கான செயலால் அல்லது கவனக்குறைவால் ஒருவர் மாண்டார் என்றால் 304-ஏ. இதற்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஓர் உதாரணம் சொல்லுவோம். பீகாரில் ஒருவர், பிறர் தம் கக்கூசுக்கு வராதபடி வழியில் மின்சாரக் கம்பி கட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் அதில் பட்டு மாண்டாள். “என் சொத்தைக் காக்கவே கட்டினேன்” என்றார். இந்திய உச்ச நீதிமன்றம் 1963-இல் அதை ஏற்கவில்லை. 304-ஏ தண்டனை உறுதியாயிற்று. நமது சட்டம் அந்தப் பழைய இந்தியச் சட்டத்தைத் தழுவியதே. காட்டுப்பன்றிக்குக் கம்பி கட்டுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் சண்டையில் பால்வெட்டும் கத்தியை ஓங்கிவிட்டு, “சாவான் என்று நினைக்கவில்லை” என்றால் அது கவனக்குறைவு ஆகாது. வழக்கு 304-க்கோ 302-க்கோ போய்விடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பிரேக் பழுதான லோரியில் ஆட்களை ஏற்றி அனுப்புகிறார்கள். லோரி கவிழ்ந்து உயிர் போகிறது. பிடிபடுகிறவர் டிரைவர், அவரும் நம்மைப் போன்ற கூலிக்காரர்தான். பழுதைத் தெரிந்தே “ஓட்டு” என்று உத்தரவிட்டவர் யார்? அதையும் விசாரிக்க வேண்டும். வேலையிடத்தைப் பத்திரமாக வைப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 2024 ஜூன் முதல், கடமை தவறினால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை.

ஆகையால் பழுதைக் கண்டவுடன் எழுத்தில் புகார் கொடுங்கள். நகலைக் கிளையில் வையுங்கள். கிராணிமார்களே, அந்தப் புகாரைத் தேதியோடு பதிந்து வையுங்கள். நாளை நீதிமன்றத்தில் ‘தெரியாது’ என்ற வாயை அடைக்கப் போவது அந்த ஒரு தாள்தான். விபத்து நேர்ந்தால் உடனே போலீசில் புகார் செய்யுங்கள். சொக்சோ பணம் தனி, குற்ற வழக்கு தனி. ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

விதி என்று அழுவதற்கு முன், யார் கடமை தவறினார் என்று கேட்போம்.