அம்மா கையிலும் காசு இருக்கட்டும்



பெற்றவர்களும் சம்பாதிக்கிற பிள்ளைகளும் வீட்டுச் செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று ஈப்போவில் கூடியிருக்கும் உங்களிடம் பேசச் சொன்னார்கள். நம் சனம் கொடுக்கத் தெரியாத சனம் இல்லை. அள்ளிக் கொடுக்கிறோம். ஆனால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம், வாய் திறக்காமல் ஏங்குகிறோம், கடைசியில் ஒரு கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ மொத்தத்தையும் கொட்டிவிடுகிறோம்.

ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா பேரும் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில், அம்மா பேரும் செக்ரோலில். பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒட்டுப்பால் பொறுக்கினான். மூத்தவன் படிப்பை நிறுத்திப் பால்மரம் வெட்டப் போனதால் தம்பி தங்கை படித்தார்கள். சம்பள நாளில் எல்லார் காசும் அம்மா கைக்குத்தான் வந்தது. கடைக் கடன் எவ்வளவு, கையில் மிச்சம் எவ்வளவு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டமே வந்துவிட்டது. தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்தோம். லயத்தில் இல்லாத வாடகை வந்தது. பிள்ளைகள் நாலு ஊருக்குப் போனார்கள், நாலு பேருக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. பாசம் அப்படியேதான் இருக்கிறது. யார் கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் இன்று யாருக்கும் தெரியாது.

மலேசியாவின் ஊழியர் சேமநிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் தொடங்கிய ஏற்பாடு. 55 வயதில் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். வாழ்நாளிலேயே பெரிய காசாக அப்பா கண்ணால் பார்ப்பது அதைத்தான். அது மூத்தவன் வீட்டுக்கு முன்பணமாகிறது, மகள் கல்யாணத்துக்குப் போகிறது, மிஞ்சினால் சின்னவனுக்குக் கார். 2013இல் தனியார் துறைக்கு ஓய்வு வயது 60 ஆகிவிட்டது; ஆனால் வேலை முடியும் முன்பே காசு முடிந்துவிடுகிற வீடுகள் எத்தனை! கோவிட் காலத்தில் 81 லட்சம் பேர் சேமநிதியிலிருந்து எடுத்த தொகை 14,500 கோடி ரிங்கிட். அப்பாவுக்கும் முடை, பிள்ளைக்கும் முடை. இரண்டு பேரும் எடுத்தார்கள்.

அதனால் பெரியவர்களுக்குக் கை கூப்பிச் சொல்கிறேன்: முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. உங்கள் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் உங்கள் கையிலேயே காசு இருந்தால், பிள்ளை உங்களைப் பார்க்க வரும்போது பாரத்தோடு வரமாட்டான்.

ஈப்போ புந்தோங்கில் எனக்கு ஓர் அத்தை உண்டு. மகன் கோலாலம்பூரிலிருந்து மாதம் 300 வெள்ளி போடுகிறார். அத்தை அதை எடுத்து வந்து நாலாக மடித்து மைலோ டின்னில் வைப்பார். டின்னுக்குள் ஒரு காலண்டர் தாள். அதன் பின்பக்கம் பென்சிலால் மருந்து, விளக்குக் காசு, கோயில் என்று எழுதியிருக்கும். மிஞ்சியது தீபாவளிக்கு அங்பாவ் உறையில் பேரப்பிள்ளைகளுக்கே போய்விடும். மகனுக்கு அதில் வருத்தம். “நீங்க செலவு பண்ணத்தானேம்மா கொடுத்தேன்?” என்றார் ஒருநாள். “பேரனுக்குக் கொடுக்கிறதுதான்யா என் செலவு” என்றார் அத்தை.

தம்பிமார்களே, இதைக் கவனியுங்கள். அறுபது வருடம் கொடுத்தே பழகிய கை அது. வாங்குகிற கையாக மட்டும் அதை உட்காரவைத்தால் அந்த மனுஷி ஒடுங்கிப்போவார். கடையில் பசியாறிவிட்டு அம்மா காசு கொடுக்க எழுந்தால், ஒருநாளாவது கொடுக்க விடுங்கள்.

‘பெத்தவங்ககிட்ட என்ன கணக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் சம்பந்தனை நினைத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்க, நம்மவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1960இல் சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள், பிறகு இன்னும் பல தோட்டங்கள். தினக்கூலி வாங்கியவர்கள் அந்தப் பத்து வெள்ளியை நம்பிக் கொடுத்தார்கள். அவரவர் பேரில் பங்கு இருந்தது, கணக்கு இருந்தது. அந்தத் தலைமுறைக்குப் பாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்?

இந்தக் கணக்கு வேறு நாடுகளில் சட்டம் வரை போயிருக்கிறது: சிங்கப்பூரில் 1995இலும் இந்தியாவில் 2007இலும் பெற்றோர் பராமரிப்புக்குச் சட்டம் வந்தது. பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிய பிள்ளை கைவிட்டால், அந்தக் கொடையையே ரத்து செய்ய இந்தியச் சட்டத்தில் இடமுண்டு. தேவையான சட்டம்தான். ஆனால் பெற்ற தாய் தீர்ப்பாயத்தின் வாசலில் உட்காரும் நிலை நம் வீட்டுக்கு வர விடலாமா?

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மாதம் 500 வெள்ளி அனுப்புகிற அண்ணன் பேர் ஊர் முழுக்கத் தெரிகிறது. கூடவே இருந்து, விடியற்காலையில் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நம்பர் எடுத்து, மத்தியானம் வரை மருந்துக்குக் காத்திருந்து, அன்றைய சம்பளத்தையும் இழக்கிற தங்கச்சி பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம். அதுவும் ரசீது வைத்திருப்பவருக்குத்தான். தங்கச்சியின் அந்த நாளுக்கு ரசீது கிடையாது. பங்கு பிரிக்கிற அண்ணன் தம்பிகள் முதலில் அவள் பங்கை எழுதுங்கள். அவளுக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள், கூச்சப்படாமல் கொடுங்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு நீங்கள் வந்து அம்மாவோடு இருங்கள், அவள் எங்காவது போய்விட்டு வரட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு வருகிற பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். “மாசம் எவ்வளவும்மா ஆகுது?” என்று முதலில் அம்மாவையே கேளுங்கள். அவர் சொல்கிற தொகையைக் குறைக்காமல் ஒரு தாளில் எழுதுங்கள். சேமநிதியில் யார் பேரை வாரிசாக எழுதியிருக்கிறார் என்று அப்பாவிடம் கேட்டு, எழுதவே இல்லையென்றால் மறுநாள் திங்கட்கிழமையே கூட்டிப்போய் எழுதவையுங்கள்.